கால்கள் மட்டும் தெரிந்த ஆம்ஸ்டர்டாம்

ஃப்ரீமான்ட்
30 ஆகஸ்ட் 1998

வான்மதி அக்காவுக்கு,

ஆன்சரிங் மெஷினில் உன் குரல் ஏழு முறை இருக்கிறது. ஏழையும் கேட்டேன். வேண்டுமென்றுதான் போனை எடுக்கவில்லை. நீ பேச ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீ ஜெயித்த மாதிரி ஆகிவிடும். சின்ன வயதிலிருந்து நமக்குள் அப்படித்தான். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தீக்ஷாவை மறுபடியும் நம் ஊருக்கே, கோபிக்கே அனுப்பிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு வயதில் கொண்டுபோய் அம்மா அப்பாவிடம் விட்டேன். ஒன்றரை வருஷம் அங்கே நன்றாகத்தான் இருந்தாள். இங்கே கூட்டி வந்து மூன்று வாரமாகிறது, ஒரு நாள் சிரிக்கவில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் இருக்கும் சாந்தாமணி ஆன்ட்டி டிசம்பர் பன்னிரண்டாம் தேதி கோயமுத்தூர் போகிறார். கூடவே கூட்டிப்போய் விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. சபரிக்கு மகளை அனுப்ப மனசே இல்லை, ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ முந்திக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. என் நீலக் கான்வாஸ் ஷூ உன்னிடமே இருக்கிறது. அனுப்ப வேண்டாம். உன் செருப்பு இங்கே கிடக்கிறது, அதை நானும் அனுப்பப் போவதில்லை.

பூச்சந்தையில் நீ என்னைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுதவில்லை. உனக்கே ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் மாமாவைக் கேள். அந்தப் பூக்காரியைக்கூடக் கேட்கலாம். தமிழ் தெரியாவிட்டாலும் அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

கயல்

*

பிளெய்ன்ஸ்பரோ
7 செப்டம்பர் 1998

அன்புள்ள கயலுக்கு,

இன்று லேபர் டே, ஆபீஸ் இல்லை. காலையிலிருந்து நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நாலு வரி எழுத இத்தன பாடா? அக்கா தங்கச்சிதானே நீங்க?" என்கிறார். அவருக்கென்ன, அவருக்கு வாய்த்தது இரண்டு தம்பி. அடித்துக்கொண்டு அரை மணியில் ஒன்றாக டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

கடைசியில் நடந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு நீ அந்த நாள் முழுக்கத் தீயில் போடுகிறாய். எனக்கு அது மனசு வரவில்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்து திரும்புகிற வழியில் ஒரே ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டுப் போகலாம் என்று ஆம்ஸ்டர்டாமில் இறங்கினோம். கன்சுலேட்டில் விசாவுக்குக் கால் கடுக்க நின்றது நான். வெயில் எவ்வளவு இதமாக இருந்தது. டிராம் மணி அடித்துக்கொண்டே போகிறது, சைக்கிள்காரர்கள் நம்மை இடிக்கிற மாதிரி வந்து இடிக்காமல் போகிறார்கள், வாய்க்கால் ஓரத்து வீடுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. "மாம், எல்லாம் ஃபால் ஆகப் போகுது" என்று முகுந்த் பயந்தானே. தெருவில் ஒருவன் பெரிய பெட்டி ஒன்றின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பாட்டு வரவழைத்தான். தீக்ஷா அங்கேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கட்டிக் கொடுத்த புளிசோற்றைப் பாலத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தோம். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் வாசனைக்கு நின்றார், நீ அவருக்கு ஒரு கவளம் கொடுத்தாய். அவர் விரலை நக்கினார். இதெல்லாம் உனக்கு ஞாபகமே இல்லையா?

காலையில் நான் போட்டிருந்த கோயமுத்தூர்ப் புதுச் செருப்பு குதிகாலைக் கடித்து ரத்தம் வந்தபோது, உடனே உன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு என் செருப்பை மாட்டிக்கொண்டவள் நீ. நமக்கு ஒரே கால் அளவு என்று அம்மா சின்ன வயதில் ஒரு ஜோடியில் இரண்டு பேரையும் ஓட்டினாளே, அது நினைவு வந்து சிரித்தோம். அதே சாயங்காலம் எப்படி இவ்வளவு தூரம் போனோம் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது பூச்சந்தை. நான் டியூலிப் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ ஆபீசுக்குப் பேச போன் பூத்துக்குப் போனது எனக்குத் தெரியாது. குழந்தையைப் பிடித்துக்கொள் என்று நீ சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா? தொலைந்தது ஐந்து நிமிஷம். அதற்குள் மாமா கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட்டார். நான் பேசியது அதிகம்தான். பயத்தில் வந்தது. அதற்காகக் குழந்தையைக் கண்டம் தாண்டி அனுப்புவாயா?

அந்த நாள் எடுத்த வீடியோ கேசட்டை அனுப்பச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எடிசனில் ஒரு கடையில் இந்திய டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிறானாம். மாமா நாள் முழுக்க அந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தாரே, இன்னும் போட்டுப் பார்க்கக்கூட இல்லை.

அக்கா

*

ஃப்ரீமான்ட்
19 செப்டம்பர் 1998

அக்கா,

ஐந்து நிமிஷமா? அரை மணி நேரம். என் கையில் கடிகாரம் இருந்தது.

நான் சொன்னேன். "அக்கா, பாப்பாளப் புடிச்சுக்க, ரெண்டே நிமிசம்" என்று உன் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். நீ 'ம்' என்றாய். நீ கேட்ட அந்த ஒரு நாளுக்காக நான் லீவை ஒரு நாள் நீட்டியிருந்தேன். என் மேனேஜர் போன் செய்யச் சொல்லியிருந்தான். போன் பூத்திலிருந்து பார்த்தால் நீ தெரிந்தாய், கிழங்குக் கூடை தெரிந்தது, அவள் தெரியவில்லை. அந்த வாய்க்காலுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தண்ணீரைத்தான் முதலில் பார்த்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர்தான்.

நீ சொல்லும் நல்ல நாளில் நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் அவள் உன் மடியில் உட்கார்ந்தாள். புளிசோற்றை உன் கையால் தின்றாள். நான் ஊட்டப் போனால் வாயை மூடிக்கொண்டாள். ஊரில் நம் அம்மாவைத்தான் 'அம்மா' என்கிறாள், என்னைக் 'கயலு' என்கிறாள், அங்கே எல்லாரும் கூப்பிடுவதைக் கேட்டு. கோபியில் இருந்த மூன்று வாரமும் என்னிடம் அவள் தொட்டது என் ஷூக் கயிறு ஒன்றைத்தான். தரையில் உட்கார்ந்து அவிழ்ப்பாள், என்னைக் கட்டச் சொல்வாள், மறுபடி அவிழ்ப்பாள். முகத்தை நிமிர்ந்தே பார்க்க மாட்டாள்.

சரி, போகப் போகச் சரியாகும் என்றிருந்தேன். பிறகு மாமா அவளைக் கூட்டத்துக்குள்ளிருந்து கூட்டி வந்தார். நம்மைக் கண்டதும் அவர் கையை உதறிவிட்டுத் தலையைக் குனிந்தபடி ஓடி வந்தாள். நான் முன்னால் நின்று கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் உன் காலைக் கட்டிக்கொண்டாள்.

அதைப் பார்த்த பிறகுதான் நீ அதைச் சொன்னாய். எழுத மாட்டேன் என்றேன், எழுதிவிடுகிறேன். "வச்சு வளக்கத் துப்பில்லாதவளுக்குப் புள்ள எதுக்குடி?"

நீ சொன்னது கோபம் இல்லை அக்கா. அது உண்மை என்பதால்தான் எனக்கு ஆறவில்லை. ஒரு குழந்தை தொலைந்து போய்த் திரும்பும்போது யாரிடம் ஓடுகிறதோ அவள்தான் தாய். என் பெண் என்னிடம் ஓடி வரவில்லை. டேகேரில் தினமும் விடும்போது அழுகிறாள், கூப்பிடப் போகும்போதும் அழுகிறாள். டிசம்பர் பன்னிரண்டு வரை எப்படியாவது ஓட்டிவிடுகிறேன்.

கயல்

*

பிளெய்ன்ஸ்பரோ
4 அக்டோபர் 1998

கயலு,

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதித் தீர வேண்டும்.

இன்று மத்தியானம் சேனாபதி குடும்பத்தைக் கேசட் பார்க்கக் கூப்பிட்டிருந்தோம். போண்டா, காபி, ஹால் நிறைய நாற்காலி. நாம் ஒவ்வொரு ஊருக்குப் போய் வந்த பிறகும் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து வதைப்போமே, அதேதான். மாமா ரிமோட்டை வைத்துக்கொண்டு முன்னுரை எல்லாம் கொடுத்தார். போட்டால், கால்.

வெறும் கால்தான் கயலு. தெருக்கல்லில் நடக்கும் கால், டிராம் படியேறும் கால், படகுப் பலகையில் ஆடும் கால். அரண்மனை இல்லை, மியூசியம் இல்லை, ஒரு காற்றாலை இல்லை. உன் மாமா நாள் முழுக்கப் பட்டனைத் தலைகீழாக அழுத்தியிருக்கிறார். கண்ணில் வைத்துக்கொண்டிருந்தபோதெல்லாம் கேமரா ஓடவில்லை. நிறுத்திவிட்டதாக நினைத்துக் கழுத்தில் தொங்க விட்டபோதெல்லாம் ஓடியிருக்கிறது. சேனாபதி அண்ணா, "பரவால்ல செல்வராஜ், ரோடெல்லாம் நல்லா கிளீனா வச்சிருக்கானுங்க" என்றார். முகுந்த் தரையில் உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே பூச்சந்தை வந்துவிட்டது. படத்தில் தரைதான், சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. "அக்கா, பாப்பாளப் புடிச்சுக்க, ரெண்டே நிமிசம்." உன் குரல். பிறகு என் குரல். "ம்."

ஹாலில் எல்லாரும் கேட்டார்கள். யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, போண்டா ஆறுகிறது என்று என்னவோ சொன்னேன்.

நீ சொன்னாய், நான் 'ம்' என்றேன். கிழங்கில் இருந்த கவனத்தில் சொன்ன 'ம்'. இரண்டு மாதமாக நீ பொய் சொல்கிறாய் என்று அம்மா வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவுக்கு இன்றே போன் பண்ணி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, நீ கேட்டுக்கொண்டபடி.

என்னை மன்னித்துவிடு. டிக்கெட்டை ரத்து செய்.

அக்கா

*

ஃப்ரீமான்ட்
13 அக்டோபர் 1998

அக்கா,

கடிதம் கிடைத்தது. சேனாபதி அண்ணா சொன்னதைப் படித்துச் சபரி சிரித்தார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று. நானும் கொஞ்சம் சிரித்தேன், மறைக்கவில்லை.

நீ தப்பை ஒத்துக்கொண்டது பெரிது. நம் வீட்டில் அப்படி ஒன்று நடந்ததாகச் சரித்திரமே இல்லை. அம்மாவிடமும் சொன்னாய். மனசு இறங்கித்தான் இருக்கிறது.

ஆனால் டிக்கெட் அப்படியே இருக்கட்டும். நீ 'ம்' என்றாயா இல்லையா என்பதா இங்கே பிரச்சினை? அவள் உன்னிடம் ஓடினாள். அதற்கு நீ மன்னிப்புக் கேட்க முடியாது, அது உன் தப்பும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 'ம்' வந்ததும் டிவியை அணைத்துவிட்டேன் என்கிறாய். மீதியையும் போட்டுப் பார். நீ சொன்ன அந்த வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது. கேசட் இல்லாமலே அது தினமும் என் காதில் கேட்கிறது. ஒரே ஒரு தரம் நீயும் கேள்.

கயல்

*

பிளெய்ன்ஸ்பரோ
25 அக்டோபர் 1998

அன்புள்ள கயலு,

தீபாவளிக்கு நீயும் போன் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை. பண்ணாததற்கு எனக்குக் காரணம் இருந்தது. கேட்டுவிட்டுத்தான் உன்னிடம் பேசுவது என்று வைத்திருந்தேன். ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். நேற்று மாமாவும் முகுந்தும் சாக்கர் கிளாசுக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து போட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் ஒன்றும் கேட்காதே.

என் 'ம்'முக்குப் பிறகு கொஞ்ச நேரம் தரை. பிறகு உன் கூச்சல். மாமா ஓடுகிறார், கேமரா இடித்து இடித்து ஆடுகிறது. யாரோ ஒருவரின் வாளி, நிறைய கால்கள், கொட்டிக் கிடக்கிற இலை. கடைசியில் பச்சை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தியின் கால் வருகிறது. அந்தப் பூக்காரி. பக்கத்தில் நம் தீக்ஷாவின் சிவப்பு ஷூ. பூக்காரி இங்கிலீஷில், உன் மம்மி எங்கே என்று கேட்கிறாள். தீக்ஷா தமிழில் பதில் சொல்கிறாள். "நீல ஷூ போட்டிருக்கும்." அவள் மறுபடி கேட்கிறாள். இவளும் மறுபடி, "நீல ஷூ போட்டிருக்கும், கயிறு இருக்கும்." அழவே இல்லை கயலு. அடையாளம் சொல்கிறாள், அந்த வெள்ளைக்காரிக்குப் புரிந்துவிடும் என்கிற மாதிரி.

மாமா அவளைக் கூட்டி வருகிறார். நம் இரண்டு பேர் காலும் படத்தில் வருகிறது. உன் காலில் என் செருப்பு. என் காலில் உன் ஷூ.

தலையைக் குனிந்தபடி ஓடி வந்தாள் என்று நீயே எழுதியிருந்தாய். அந்தக் கூட்டத்தில் அவள் முகம் பார்த்து ஓடி வரவில்லை. அவள் உயரத்துக்கு அங்கே இருந்தது கால்தான். உன் ஷூவைத் தேடி வந்தாள், அது என் காலில் இருந்தது.

இன்னும் இருக்கிறது. என் காலைக் கட்டிக்கொண்ட பிறகு மாமா அவளுக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறார் போலிருக்கிறது, கேமரா அவள் தலை உயரத்துக்கு வந்துவிட்டது. மேலே நான் கத்துகிறேன். நீ கேட்கச் சொன்ன அந்த வார்த்தையைச் சொல்கிறேன். கேட்டேன். ஒரு தரம் இல்லை, நாலு தரம் கேட்டேன், ஏனென்றால் அதற்கு அடியில் இன்னொரு சின்னச் சத்தம் இருந்தது. என் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "கயலு, கயலு, கயலு."

நான் உன்னை அப்படிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், என் காலைப் பிடித்துக்கொண்டு உன் பெண் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமலும் விடலாம், யாருக்கும் தெரியாது. அவள் வந்து கட்டிக்கொண்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. முகுந்துக்குப் பிறகு எனக்கு ஒன்று தங்காமல் போனது உனக்குத் தெரியும். அது பெண் என்று நான் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்த ஒரு நொடி நான் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பெருமையில்தான் உன்னை அப்படிக் கேட்டேன், பயத்தில் இல்லை. எனக்குக் கிடைத்ததாக நினைத்தது எனக்கு வந்ததே இல்லை. நேற்று அழுது தீர்த்தேன். இப்போது லேசாக இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். படத்தின் மூலையில் மணி, நிமிஷம் ஓடுகிறது. நான் சொன்ன ஐந்து நிமிஷமும் இல்லை, நீ சொன்ன அரை மணியும் இல்லை. பதினோரு நிமிஷம்.

கேசட்டையும் ஷூவையும் ஒரே பெட்டியில் வைத்து நாளைக்கு அனுப்புகிறேன். ஷூவைத் துவைக்கவில்லை. அந்த ஊர் மண் அதில் இருக்கிறது. அம்மாவுக்கு அனுப்ப வேறு காப்பி போட்டுக்கொள்ளலாம், அவளுக்கு எப்படியும் கால்தான் கிடைக்கப் போகிறது.

அக்கா

*

ஃப்ரீமான்ட்
7 நவம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. கேசட்டை முதலில் நான் மட்டும் பார்த்தேன். பிறகு சபரியோடு பார்த்தேன். அந்த இடம் வந்ததும் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "ஏம்புள்ள, நீ சாந்தாமணி அக்காகிட்டப் பேசறயா, நான் பேசட்டுமா?" என்று மட்டும் கேட்டார். நானே போய்ச் சொன்னேன். ஆன்ட்டி, "எனக்கு அப்பவே தெரியும் கண்ணு" என்றார். இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் அப்பவே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. டிக்கெட் ரத்து ஆகிவிட்டது.

மூன்றாவது தடவை தீக்ஷாவோடு பார்த்தேன். டிவிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற காலுக்கெல்லாம் பேர் சொன்னாள். பெரியப்பா. முகுந்த் அண்ணா. பெரியம்மா. டிராமில் ஏறிய முன்பின் தெரியாத ஒருவன் காலுக்கு, "இது மாமா." காலை நேரத்து நீல ஷூவுக்கு, "இது கயலு." பூச்சந்தையில் நீல ஷூ வந்ததும் டிவிக்கு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பெரியம்மா உன் ஷூவ எடுத்துக்குச்சு" என்று உன்மேல் புகார் சொன்னாள். பார்த்தாயா, குற்றவாளி நீதான் என்று அவளே தீர்ப்புக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு டேகேருக்குப் போனேன். சாயங்காலம் அம்மாக்கள் எல்லாரும் கதவுக்கு வெளியே வரிசையாக நிற்போம். குழந்தைகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். இத்தனை நாளும் அவள் ஏன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறாள், என் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லையா என்று நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். அன்றும் அப்படித்தான் வந்தாள். ஆபீசுக்கு நான் போடும் கறுப்பு ஷூ மாதிரியே அங்கே ஏழெட்டுக் கால் இருந்தது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் நீல ஷூவைக் கண்டதும் நின்றாள். பிறகு ஓடி வந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தாள். முகம் சரிதானா என்று பார்த்துக்கொண்டாள் போலிருக்கிறது. "கயலு" என்றாள். ரொம்ப நேரம் விடவில்லை. டீச்சர் வந்து, எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று கேட்டாள். நான் தீக்ஷாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அன்று அழாமல் காரில் ஏறினாள். அதற்கடுத்த நாள் கொஞ்சம் அழுதாள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் என்னைக் கயலு என்றுதான் கூப்பிடுகிறாள், கூப்பிடட்டும். தொலைந்த இடத்தில் அவள் யார் பேரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள்ளும் நான் அந்த ஷூவைக் கழற்றுவதில்லை. சமையலறையில் ஷூவோடு நிற்கிறேன் என்று சபரி தலையில் அடித்துக்கொள்கிறார். அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிடாதே. தீக்ஷா காலடியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கிறாள், நான் கட்டுகிறேன். நேற்று அவளே ஒரு முடிச்சுப் போட்டாள். அதை அவிழ்க்கக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

அந்த வார்த்தையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பெருமையில் சொன்னேன் என்று நீ எழுதியிருக்க வேண்டியதில்லை. எழுதினாய். உனக்குத் தங்காமல் போன அந்தக் குழந்தையைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் ஒரு தரம்கூட உன்னிடம் உட்கார்ந்து கேட்கவில்லை. கேட்கிறேன். போனில் வேண்டாம், நேரில்.

முகுந்துக்குக் கிறிஸ்துமஸ் லீவு உண்டல்லவா? கிளம்பி வாருங்கள். இங்கே சான் பிரான்சிஸ்கோவிலும் டிராம் இருக்கிறது, மணி அடிக்கும். மாமாவிடம் கேமராவை மறக்காமல் எடுத்து வரச் சொல். பட்டனை யாரும் சரி செய்துவிட வேண்டாம்.

உன் செருப்பை அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருந்தேனே, இப்போதும் அனுப்பப் போவதில்லை. கதவுக்குப் பக்கத்தில் எங்கள் செருப்புகளோடு வைத்திருக்கிறேன். தீக்ஷா தினமும் அதைக் காட்டி, "பெரியம்மா வந்துருச்சா?" என்று கேட்கிறாள். நீயே வந்து போட்டுக்கொண்டு போ.

உன் தங்கை
கயல்